காலியாக விட வேண்டிய கட்டம்

அவளுக்கு அலுவலகத்தில் வடிகட்டி என்று பெயர் வந்து எட்டு மாதம் ஆகிறது. வைத்தவர் முதலாளி. கிண்டலுக்கு வைத்த பெயர் இல்லை. வாயெல்லாம் பல்லாக, வாடிக்கையாளர் முன்னிலையில் வைத்தது. பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயரைவிட இது அவளுக்குப் பிடித்துப் போனது. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள். புகழ்ச்சி கசக்கிறது என்று சொன்ன ஆளை யாரும் பார்த்ததில்லை, அவள் மட்டும் என்ன விதிவிலக்கா?

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, மூன்று மேஜை, ஒரு ஜன்னல். கீழே சக்கரத்தைச் சுற்றிவிட்டால் மேலே கேட்கும். முதலாளி வேலை பிடித்து வருவார், படம் போடுகிறவர் ஒருவர் பக்கங்களை அழகாக்குவார், இவள் அவற்றை ஓட வைப்பாள். மளிகைக் கடை, நீச்சல் பள்ளி, மூக்குக்கண்ணாடிக் கடை என்று கிடைத்தவர்களுக்கெல்லாம் இணையதளம் கட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய இடம் அந்த நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை வார்டில் கெடுபிடி அதிகம். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒருவர், அதுவும் அரை மணி நேரம். பார்க்க வர விரும்புகிறவர் இணையதளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். வார்டு சிஸ்டர் அதைப் படித்து, நேரம் ஒதுக்கி, போன் செய்து வரச் சொல்வார். சொல்லக் கேட்டால் நல்ல ஏற்பாடுதான்.

அதைக் கெடுத்தது குப்பை. வழுக்கைத் தலைக்குத் தைலம், வீட்டிலிருந்தே லட்சாதிபதி, சூதாட்டம், இன்னும் வாயால் சொல்ல முடியாத சமாசாரங்கள் எல்லாம் அந்த விண்ணப்பப் பக்கத்தின் வழியாகக் கொட்டின. எல்லாம் ரோபோ போடுவது, அதாவது ஆளில்லாமல் தானாக ஓடும் கணினி நிரல். இணையத்தில் எங்கே ஒரு கட்டம் கண்டாலும் அதில் எதையாவது திணித்துவிட்டுப் போவதுதான் அதற்குப் பிழைப்பு. ஒரு நாளைக்கு நாலாயிரம் வந்தது. நடுவில் பத்தோ பன்னிரண்டோ நிஜ மனிதர்கள்.

வார்டு சிஸ்டர் ஒரு நாள் போன் போட்டுப் பிடித்துக்கொண்டார். "நான் நர்ஸா, குப்பை பொறுக்குறவளா? நீங்களே சொல்லுங்க. ஒரு அம்மா போட்ட விண்ணப்பம் தைல விளம்பரத்துக்கு நடுவுல மூணு நாள் கெடந்திருக்கு. நான் தேடி எடுத்துக் கூப்பிடுறப்போ அவங்க பையனுக்கு நினைவு தப்பிப் போச்சு. அந்த அம்மா என்னையப் பாத்த பார்வைய நீங்க பாக்கலையே!"

வடிகட்டிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் இந்தக் கதையில் அவளை யாரும் ஈவிரக்கமற்றவள் என்று எண்ணிவிடக் கூடாது. கோணல்மாணலாக எழுத்துகளைப் படமாகக் காட்டி, இது என்னவென்று தட்டச்சு செய் என்று கேட்கும் வழக்கமான பூட்டைப் போடலாம் என்று முதலாளி சொன்னபோது, அவள்தான் மறுத்தாள். "வயசானவங்க வர்ற எடம் சார். கண்ணாடி போட்டாலும் அதைப் படிக்க முடியாது. ஏற்கெனவே அழுதுகிட்டு வர்றவங்களுக்குப் பரீட்சை வேற வெக்கணுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அவள் கண்டுபிடித்த வழி வேறு. விண்ணப்பத்தில் கூடுதலாக ஒரு கட்டம் வைத்தாள். அதற்குத் தலைப்பு, 'உங்கள் இணையதள முகவரி'. ஆனால் அந்தக் கட்டம் திரையில் தெரியாது, பக்கத்துக்கு வெளியே தள்ளி ஒளித்திருந்தாள். மனிதன் கண்ணுக்குப் படாததை மனிதன் நிரப்ப மாட்டான். ரோபோவோ கண்ட கட்டத்தையெல்லாம் நிரப்பும். ஆக, அதில் ஓர் எழுத்து இருந்தாலும் போட்டது ரோபோ. அந்த விண்ணப்பம் சிஸ்டரிடம் போகாது, தனியாக ஒரு தொட்டியில் விழும். பிடிபட்டது தெரிந்தால் அனுப்புகிறவன் வேறு வழி தேடுவான் என்பதால், அந்த ரோபோவுக்கும் மற்றவர்களுக்குச் சொல்வதையே பக்கம் சொல்லும்: "நன்றி. உங்கள் விண்ணப்பம் கிடைத்தது." திருடனைப் பிடித்துவிட்டு உபசாரமும் செய்கிற இந்த ஏற்பாட்டை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஒரே ஒரு இடம் இடித்தது. பார்வை இல்லாதவர்கள் கணினியைக் காதால் படிக்கிறார்கள். ஒரு குரல் பக்கத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லும். ஒளித்து வைத்த கட்டத்தையும் அது வாசிக்கும். குரலுக்கும் எட்டாமல் மறைத்தால், கெட்டிக்கார ரோபோக்கள் அதை மோப்பம் பிடித்துவிடுகின்றன. ஆகவே பார்வையற்றவர்களுக்காக ஒரு வரி எழுதிச் சேர்த்தாள்: 'இந்தக் கட்டத்தைக் காலியாக விடவும்.' ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த வரியையே படித்துப் புரிந்துகொண்ட சில ரோபோக்கள், தினமும் முப்பது நாற்பது விளம்பரங்களை உள்ளே விட்டன.

முதலாளி சொன்னார், "அந்த வரிய எடுத்துடு. நெஞ்சுநோய் ஆஸ்பத்திரிக்குக் கண்ணு தெரியாதவங்க எத்தன பேரு வந்துடப் போறாங்க? அப்படியே வந்தாலும், இணையதளம் வெச்சிருக்கியான்னு கேட்டா, இல்லாதவன் சும்மா விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவான். இதுல என்ன இருக்கு?"

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. எவன் இல்லாத இணையதளத்துக்கு முகவரி எழுதப் போகிறான்? நோட்டுப் புத்தகத்தில் 'பிறகு பார்க்க' என்று ஒரு வரி எழுதிக்கொண்டு, கட்டத்தின் மேலிருந்த வரியை அழித்தாள். சொன்னது முதலாளி, அழித்தது அவள் விரல்.

மறுநாள் காலை வார்டு சிஸ்டருக்குப் பதினொரு விண்ணப்பங்கள் வந்தன. பதினொன்றும் மனிதர்கள். சிஸ்டர் ஒரு டப்பா பிஸ்கட்டோடு நேரில் படியேறி வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வைத்ததுதான் அந்தப் பெயர். நோட்டுப் புத்தகத்தில் இருந்த வரி அந்தப் பக்கத்தோடு புரட்டப்பட்டுப் போயிற்று.

எட்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, வெயில் ஏறும் முன்பே சிஸ்டர் போன் செய்தார். குரல் பழைய குரலாக இல்லை.

"ஒண்ணு பாத்துச் சொல்றீங்களா? பதினாலாம் படுக்கை. ஒரு அம்மா, அம்பத்தெட்டு வயசு. தொண்டையில குழாய் போட்டிருந்துது, பேச முடியாது. பேப்பர்ல எழுதித்தான் பேசுவாங்க. ஒம்பது நாள் இருந்தாங்க. ஒருத்தர்கூட பாக்க வரல. வியாழக்கிழமை போயிட்டாங்க."

"ஐயோ."

"நேத்து அவங்க வீட்டுக்காரர் சாமானெல்லாம் வாங்க வந்தார். எனக்கு அவர் மேல ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. செத்ததுக்கப்புறம் வந்து நிக்கிறியே, உயிரோட இருக்கறப்போ எங்கப்பா போனேன்னு கேக்கணும்னு இருந்துச்சு. அவர் கையில குச்சி. கண்ணு தெரியாது. என் பக்கம் திரும்பி மெதுவா கேக்குறார், 'ஒம்பது தடவ எழுதினேனே சிஸ்டர், ஏன் கூப்பிடல?'ன்னு. என்கிட்ட ஒண்ணுகூட வரல. சத்தியமா வரல. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

'பாருங்களேன்' என்ற சொல் முடியும் முன்பே, தான் வைத்த கட்டம்தான் காரணம் என்று வடிகட்டி தெரிந்துகொண்டாள். போனை வைத்துவிட்டு, எட்டு மாதமாக யாரும் எட்டிப் பார்க்காத அந்தத் தொட்டியைத் திறந்தாள். லட்சக்கணக்கில் கிடந்தன. பதினான்காம் படுக்கை என்று தேடினாள். ஒன்பது வந்து நின்றன.

முதலாவது, ஒரு புதன்கிழமை காலை எட்டு பத்துக்கு வந்திருந்தது. மேலே தைல விளம்பரம், கீழே சூதாட்டம்.

'வார்டு பொறுப்பாளர் அவர்களுக்கு. பதினான்காம் படுக்கையில் நேற்று மாலை சேர்க்கப்பட்டவரின் கணவன் நான். பார்வையற்றவன். துணைக்கு ஆள் வேண்டாம். வாசலிலிருந்து படுக்கை வரை யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் போதும். எந்த நேரம் சொன்னாலும் வருவேன்.' பெயர், கதவு எண்ணோடு முகவரி, தொலைபேசி எண், எல்லாம் பிசகில்லாமல் இருந்தது. உங்கள் இணையதள முகவரி என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். 'இல்லை.'

அவள் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு ரோபோ இணையதளம் இல்லை என்று சொல்லுமா? உலகத்தில் எந்த ரோபோவும் சொல்லாது. கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்லும் மனிதன் மட்டும்தான் சொல்வான். அவள் வைத்த பொறி அந்த மரியாதையைப் பார்த்து, நீ மனிதன் இல்லை என்று முடிவு கட்டியிருந்தது.

மூன்றாவது: 'முந்தைய இரண்டு விண்ணப்பங்களும் கிடைத்ததாகப் பதில் வந்தது. நன்றி. உங்களுக்கு இருக்கும் வேலைப் பளுவை அறிவேன். அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம்.' இணையதள முகவரி, இல்லை.

ஐந்தாவது: 'நேற்று நேரில் வந்தேன். பட்டியலில் பெயர் இல்லை என்று காவலாளி சொன்னார். விண்ணப்பம் கிடைத்ததாகச் செய்தி வந்ததைச் சொன்னேன். அப்படியானால் கட்டாயம் கூப்பிடுவார்கள், வீட்டில் இருங்கள் என்றார். நல்ல மனிதர், பஸ் ஏற்றிவிட்டார்.' இல்லை.

ஏழாவது: 'அவளால் பேச முடியாது என்று சேர்த்த அன்றே சொன்னார்கள். என்னால் பார்க்க முடியாது. ஆகவே எங்கள் சந்திப்பில் சத்தம் இருக்காது. மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவு ஆகாது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான்.' இல்லை.

ஒன்பதாவது, வியாழக்கிழமை காலை. 'என்னை அனுமதிக்க முடியாவிட்டால் பரவாயில்லை. அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். நாற்காலி விஷயத்தில் எனக்குக் கோபம் இல்லை.' இணையதள முகவரி, இல்லை. அந்த அம்மா போனது அன்றைக்கு மத்தியானம்.

வடிகட்டி மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். படம் போடுகிறவர் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, என்னவென்று கேட்கத் தைரியமில்லாமல் நின்றார். முதலாளி வந்தார், ஒன்பதையும் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் கடை நடத்துகிறவர்.

"தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு கடிதம் போட்டுடலாம். வருந்துகிறோம்னு எழுது. அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம். ஆஸ்பத்திரி வேலை போச்சுன்னா நம்ம மூணு பேரும் நடுத்தெருவுலதான் நிக்கணும், புரியுதா?"

"புரியுது சார்."

"நேர்ல கீர்ல போயிடாத."

அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். முதல் வேலையாகப் பொறியை எடுத்தாள். பிறகு தொட்டி முழுவதும் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்றோ, 'கிடையாது' என்றோ, 'தெரியாது' என்றோ எழுதியவர்களைத் தேடினாள். எட்டு மாதத்தில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். சிஸ்டருக்கு அனுப்பினாள். இரண்டு பேருடைய உறவினர்கள் எப்போதோ குணமாகி வீடு போய்விட்டார்கள், இன்னொருவரின் அண்ணன் இன்னும் வார்டில் இருக்கிறார், சாயங்காலமே வரச் சொல்லியாகிவிட்டது என்று சிஸ்டர் பதில் போட்டார். நான்காவது ஆளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, அவளும் கேட்கவில்லை. இதற்கிடையில் பொறி இல்லாத பக்கத்தில் தைலக்காரர்கள் திரும்ப வந்து குவிந்தார்கள். இன்றைக்குச் சிஸ்டர் அந்தக் குப்பையில்தான் கையை விட்டுத் தேட வேண்டும். இரண்டு பக்கமும் இடிக்கிற வேலை இது என்று அவளுக்கு எப்போதும் தெரியும். இடி யார் தலையில் விழும் என்பதைத் தன் கைதான் முடிவு செய்திருக்கிறது என்பது இப்போதுதான் உறைத்தது.

மத்தியானம் தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கி, பஸ் பிடித்துப் போனாள். கையில் முதலாளி சொன்ன கடிதம் இருந்தது.

மூன்று மாடிக் குடியிருப்பில் நடு மாடி. அவள் மணியை அழுத்தும் முன்பே உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது, எதன் மீதோ இடிக்கும் சத்தமும் கேட்டது. கதவைத் திறந்தவர் ஒல்லியாக, சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டு, வேலைக்குக் கிளம்பியவர் போல இருந்தார்.

"ஆஸ்பத்திரி இணையதளம் செய்யிற எடத்துலேர்ந்து வர்றேன் ஐயா."

"உள்ள வாம்மா. பாத்து வா, நடுவுல ஒரு நாற்காலி கெடக்கும். சுத்திக்கிட்டு வா. தயவுசெஞ்சு அத மட்டும் நகத்திடாத."

முன்னறையின் நடுவில், வாசலுக்கும் உள் அறைக்கும் போகும் வழியை அடைத்துக்கொண்டு ஒரு மர நாற்காலி கிடந்தது. அவர் அதைத் தாண்டும்போது இடது முழங்கால் இடித்தது. முகம் சுளிக்கவில்லை. ஜன்னலோரம் மேஜை, மேஜையில் கணினி, பக்கத்தில் ஆஸ்பத்திரி கொடுத்த பை ஒன்று, வாய் கட்டியிருந்தது.

"உக்காரும்மா. அந்தக் கட்டில்ல உக்காரு."

அவள் உட்காரவில்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். "தொழில்நுட்பக் கோளாறு காரணமா உங்க விண்ணப்பம்..." என்று தொடங்கினாள்.

"நான் கோர்ட்ல டைப்பிஸ்டும்மா," என்றார் அவர், குறுக்கே பேசுகிற தொனி இல்லாமல். "முப்பத்தோரு வருஷம். சாட்சி சொல்றத ஒலிநாடாவுல கேட்டு அப்படியே அடிக்கிறது. கோளாறு ஆச்சு, தவறு நடந்துச்சுன்னு சொல்ற சாட்சிய ஜட்ஜ் விடவே மாட்டார். யாரு செஞ்சதுன்னு கேப்பார்."

கடிதம் அவள் கையில் மடங்கியது. "நான்தான் ஐயா," என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குப்பை வந்தது, கட்டம் வைத்தது, எழுதிய வரியை அழித்தது, பிஸ்கட் டப்பா வந்தது, வடிகட்டி என்று பெயர் வந்தது, ஒன்றும் விடவில்லை. அழுகை வந்தபோது நிறுத்தி, மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடியும் சொன்னாள்.

அவர் கடைசி வரை கேட்டார். "இணையதள முகவரின்னு ஒண்ணு கேட்டுச்சு. ஆமா," என்றார். "ஆஸ்பத்திரிக்கு இது எதுக்குன்னு நானும் நெனச்சேன். கோர்ட்ல எங்களுக்கு மொதல்ல சொல்லிக் குடுத்தது என்ன தெரியுமா? காலியா ஒரு கட்டம் விடக் கூடாது. விட்டா, பின்னாடி எவனாவது அதுல எதையாவது சேத்துடுவான். ஒண்ணுமில்லன்னா இல்லைன்னு அடிக்கணும். கை பழகிப்போச்சு. அவ மளிகைச் சீட்டு சொன்னாக்கூட, நான் கடைசியில வேற ஒன்றும் இல்லைன்னு அடிப்பேன். அவ சிரிப்பா."

"மன்னிச்சுடுங்க ஐயா."

"கட்டத்த மன்னிச்சுடலாம்மா. குப்பைய யாராவது வடிக்கத்தான் வேணும், எனக்குப் புரியுது." அவர் விரல்கள் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தன. "கிடைத்ததுன்னு ஒரு கொரல் சொல்லுச்சே, ஒம்பது நாளும். அது?"

"அதுவும் நான் எழுதினதுதான்."

"கிடைக்கலன்னு சொல்லியிருந்தா, நான் அந்தக் கேட்டுல போய் உக்காந்திருப்பேன். காவலாளி பஸ் ஏத்திவிட்டா ஏறியிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன். எனக்குக் கத்தத் தெரியும்மா. கிடைத்ததுன்னு சொன்னதாலதான் நான் மரியாதையா வீட்டுல உக்காந்திருந்தேன்."

மன்னிப்பு என்ற சொல்லை இன்னொரு தடவை எடுக்க அவளுக்கு நாக்குக் கூசியது.

அவர் பையை அவிழ்த்துக் கையை விட்டு, மூக்குக்கண்ணாடி, சீப்பு, சால்வை என்று ஒவ்வொன்றாகத் தடவி ஓரமாக வைத்தார். அடியிலிருந்து ஒரு சின்ன எழுதும் அட்டையை எடுத்து நீட்டினார். பேச முடியாதவர்களுக்கு வார்டில் கொடுப்பது; தினம் ஒரு தாள், சிஸ்டர் காலையில் தேதி போட்டு வைப்பார்.

"இத எனக்குப் படிச்சுக் காட்டுறியா? எதிர்வீட்டு அம்மாகிட்ட கேட்டேன். ரெண்டு வரி படிச்சுட்டு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. மிச்சத்த மாத்திப் படிக்கிறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உள்ளது உள்ளபடி படிக்க எனக்கு ஒரு ஆள் வேணும். ஒரு எழுத்து கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

அவர் கணினி முன் உட்கார்ந்து விசைப்பலகையில் கையை வைத்தார். அவள் சொல்லச் சொல்ல அடித்துக்கொள்ளப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முதல் தாளைப் பார்த்தாள். நடுங்கிய கையெழுத்து, ஆனால் தெளிவாக இருந்தது.

"புதன். 'எந்தப் படுக்கைன்னு அவருக்குச் சொல்லியாச்சா?'"

விசைகள் தடதடவென்று ஓடி நின்றன.

"வியாழன். 'பேர் வந்துதா?' வெள்ளி. 'பேர் வந்துதா?' சனி. 'நல்லாப் பாருங்க சிஸ்டர். அவர் பிழையில்லாம அடிப்பார். வந்திருக்கும்.'"

அவர் அடித்தார். அடித்து முடித்தும் விரல்களை எடுக்காமல் சற்று நேரம் வைத்திருந்தார். "ம்," என்றார்.

"ஞாயிறு. 'நீங்க போன் பண்ண வேண்டாம். கூப்பிட்டு வரவழைக்க வேண்டாம். மனசு ஆறினதும் தானா வருவார்.' திங்கள்." தாளைப் புரட்டிப் படித்தாள். "'டாக்டர் கிட்ட போற அவசரத்துல நாற்காலிய நடுவுல இழுத்துப் போட்டுட்டேன். அவர் இடிச்சுக்கிட்டுக் கத்தினார். நானும் கத்தினேன். அதோட மூச்சு முட்டிடுச்சு, திருப்பி வைக்கல. வீட்டுல தனியா இன்னும் இடிச்சுக்கிட்டு இருப்பார். யாராவது போய் ஓரமா வைப்பீங்களா?'"

விசைகள் ஓடின. ஓர் இடத்தில் தப்பாக அடித்து, திரும்பப் போய்த் திருத்தினார். முப்பத்தோரு வருஷத்துக் கை திருத்துவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய். 'பேர் வந்துதா?'"

அடுத்த தாளில் அவள் நின்றுவிட்டாள். இரண்டே வரி. அதை மாற்றிப் படித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? இந்த உலகத்தில் இந்தத் தாளைப் படிக்க முடியாத ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் இந்த மனிதர் இன்றைக்காவது தூங்குவார். வாய் வரை வந்துவிட்டது. கிடைத்தது என்று எழுதியதும் இப்படித்தான், யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்துத்தான்.

"நிறுத்தாதம்மா. என்ன இருக்கோ அத."

"புதன்," என்று படித்தாள். "'அவருக்கு இன்னும் கோவம் போல. பரவாயில்ல சிஸ்டர், இனிமே உங்கள நான் கேக்கல.'"

அவர் அடித்தார். முழுவதையும் அடித்தார். கண்களிலிருந்து வழிந்தது கன்னத்தைத் தாண்டிச் சட்டைக் கழுத்துக்குள் போனது, துடைக்கவில்லை. "கோவம் இல்லடி," என்றார் கணினியை நோக்கி, மிக மெதுவாக. அதை அடிக்கவில்லை. அது சாட்சி சொன்னது அல்ல.

"அடுத்தது?"

"வியாழன். சிஸ்டர் போட்ட தேதி மட்டும் இருக்குய்யா. கீழ ஒண்ணும் எழுதல."

தெருவில் ஒரு லாரியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. பிறகு அவர் விரல்கள் விசைகளில் இறங்கின. அடித்ததைச் சரிபார்க்க ஒரு விசையைத் தட்டினார். கணினியின் குரல், ஒன்பது நாளும் கிடைத்தது என்று சொன்ன அதே குரல், கடைசி வரியை வாசித்தது.

"வியாழன். இல்லை."

அவர் எழுந்தார். "அந்த நாற்காலிய எடுத்துச் செவுத்தோரமா வெச்சுடும்மா. அவ சொல்லியிருக்கா."

அவள் நாற்காலியைத் தூக்கினாள். தரையில் தேய்த்து இழுக்க மனம் வரவில்லை. சுவரோரம் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். வழியனுப்ப அவர் பின்னாலேயே வந்தார். முன்னறையின் நடுவில், நாற்காலி கிடந்த இடத்துக்கு வந்ததும் கால் தானாகத் தயங்கி நின்றது. இடது கையை நீட்டித் தடவினார். காற்றில் கொஞ்சம் வலமாக, கொஞ்சம் இடமாக, கொஞ்சம் தாழ்வாகத் தேடினார். கையில் ஒன்றும் படவில்லை. அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்று, வாய்விட்டு அழுதார்.